கேட்டதும் சொன்னதும்: சாக மறுக்கும் செல்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்தவை. என்ன விசேஷம் என்று பிரித்துப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு துண்டுத்தாள். அங்கே பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) யாரோ மேசை போட்டு மைக்ரோ ஆர்.என்.ஏ. சத்து மாத்திரை விற்கிறார்களாம். ஒரு வாசகர் அந்தத் தாளையே நாலாக மடித்துக் கடிதத்தோடு வைத்து அனுப்பியிருக்கிறார். பளபளப்பான தாள். ஒரு பக்கம் இரட்டைச் சுருள் படம் (அது டி.என்.ஏ., விற்கிறவருக்கே வித்தியாசம் தெரியவில்லை). மறுபக்கம் ஒரு தங்கப் பதக்கம், "நோபல் பரிசு பெற்ற கண்டுபிடிப்பு", அதற்குக் கீழே "புற்று செல்லைச் சாகடிக்கும், பரவாமல் தடுக்கும்", அதற்கும் கீழே விலை. மாத்திரைக்குக் கடைசியில் வருகிறேன். விஷயத்தைத் தெரிந்துகொண்டால் அதை வாங்கலாமா என்று நீங்களே முடிவு செய்துவிடுவீர்கள்.

நோபல் பரிசு என்று போட்டிருக்கிறார்களே, அது உண்மையா? முதலில் இந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ன சாமான்?
*ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி, சுங்கை சிப்புட்*

பரிசு உண்மைதான் ஐயா. 2024-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்கன் என்ற இரண்டு அமெரிக்கர்களுக்குக் கொடுத்தார்கள். ஆனால் அவர்கள் கண்டுபிடித்தது மாத்திரை இல்லை. அவர்கள் தேடிக்கொண்டிருந்தது புற்றுநோய்க்கான மருந்தும் இல்லை. மண்ணில் வாழும், ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு புழு, வளர வேண்டிய நேரத்தில் ஏன் தடுமாறுகிறது என்று வருஷக்கணக்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1993-இல் விஷயம் பிடிபட்டது. அந்தப் புழுவில் லின்-4 என்ற மரபணு புரதம் எதையும் உண்டாக்குவதில்லை, வெறும் 22 எழுத்து நீளத்தில் ஓர் ஆர்.என்.ஏ. துணுக்கைத்தான் உண்டாக்குகிறது, அந்தத் துணுக்கு லின்-14 என்ற இன்னொரு மரபணுவின் வேலையைக் கெடுக்கிறது. புழு சமாச்சாரம்தானே என்று அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2000-இல் லெட்-7 என்ற இரண்டாவது துணுக்கு கிடைத்து, அது ஈயிலும் இருக்கிறது, மீனிலும் இருக்கிறது, மனிதனிலும் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் எல்லாரும் விழுந்தடித்துக்கொண்டு வந்தார்கள். இன்றைக்கு மனிதனில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் கணக்கில் இருக்கின்றன.

வேலை எப்படி நடக்கிறது? நீங்கள் கிராணியாக இருந்தவர், உங்களுக்குச் சுலபமாகப் புரியும். மூலப் புத்தகம் ஆபீஸ் அலமாரியை விட்டு வெளியே வராது, களத்துக்குப் போவது அதிலிருந்து எழுதிக் கொடுத்த சீட்டு மட்டும்தான். செல்லிலும் அதே கதை: டி.என்.ஏ. கருவுக்குள்ளேயே இருக்கும், அதிலிருந்து படியெடுத்த தூது ஆர்.என்.ஏ.தான் வெளியே வந்து, இந்தப் புரதத்தைச் செய் என்று சொல்லும். மைக்ரோ ஆர்.என்.ஏ. செய்வது, அந்தச் சீட்டை வழியிலேயே மடக்குவது. சீட்டில் ஏழு எழுத்து வாக்கில் பொருந்தினாலே போதும், ஒட்டிக்கொண்டு அதைச் சிதைய வைக்கும், அல்லது படிக்க விடாது. புத்தகத்தில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது, வேலை மட்டும் குறைந்துபோகும். ஏழு எழுத்துதானே வேண்டும், அதனால் ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான சீட்டுகளில் கை வைக்க முடியும், ஒரே சீட்டில் பல மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் கை வைக்கவும் முடியும். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மாத்திரைக்காரர் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

எங்கள் பாடத்தில் செல் தானாகவே சாவதைப் பற்றி இருக்கிறது, அப்பொப்டோசிஸ். புற்று செல் அதிலிருந்து எப்படித் தப்புகிறது? மைக்ரோ ஆர்.என்.ஏ. அதில் எங்கே வருகிறது?
*படிவம் ஆறு மாணவி, சுங்கை சிப்புட்*

நல்ல கேள்வி தங்கச்சி. விவரமாகவே சொல்கிறேன்.

நான் ஒரு காலத்தில் நோயியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன். ஆப்பரேஷனில் எடுத்த சதையை மெழுகில் உறைய வைத்து, மயிரிழையை விட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, ஊதாவும் ரோஸும் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் வைப்போம். அதில் தானாகச் சாகிற செல்லை ஒரு தடவை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. அக்கம்பக்கத்துச் செல்களை விட்டு விலகிச் சுருங்கிக் கிடக்கும், அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம், உடம்பு கடும் ரோஸ் நிறம், உள்ளே கரு கறுத்துப்போய் இரண்டு மூன்று உருண்டையாக உடைந்திருக்கும். பக்கத்தில் வீக்கம் எதுவும் இருக்காது, ரகளையே இல்லாமல் பக்கத்துச் செல் அதை விழுங்கி முடித்துவிடும். நம் எல்லார் உடம்பிலும் தினமும் கோடிக்கணக்கில் நடக்கிற காரியம் இது. செல்லின் டி.என்.ஏ. பழுதாகிச் சரிபண்ண முடியாமல் போனால், அந்தச் செல் இப்படிப் போய்ச் சேருவதுதான் உடம்புக்கு நல்லது.

சாவு தொடங்குகிற முக்கியமான இடம், செல்லுக்குச் சக்தி தயாரித்துக் கொடுக்கிற மைட்டோகாண்ட்ரியா. அதன் வெளிச்சவ்வில் ஓட்டை விழுந்து சைட்டோகுரோம்-சி என்ற புரதம் வெளியே கசிந்தால், கேஸ்பேஸ் என்ற நொதிகள் கிளம்பி உள்ளே இருப்பதையெல்லாம் வெட்ட ஆரம்பித்துவிடும். ஓட்டை விழாமல் காப்பது பி.சி.எல்.2 என்ற புரதம். அது அளவோடு இருக்கிற வரைக்கும் சரி. கூடிப்போனால் சாக வேண்டிய செல் சாகாது. அதை அளவோடு வைத்திருப்பவர்களில் மிர்-15, மிர்-16 என்ற இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களும் உண்டு. பி.சி.எல்.2-வின் சீட்டை இவை மடக்குகின்றன என்று 2005-இல் காட்டினார்கள். இவை தொலைந்துபோன செல்லில் பி.சி.எல்.2 ஏறிவிடுகிறது.

அப்புறம் பி53 என்ற புரதம். இது பாடப் புத்தகத்திலேயே இருக்கும். டி.என்.ஏ. பழுதானதும் பி53 பல மரபணுக்களை முடுக்கிவிடும், அதில் ஒன்று மிர்-34 என்று 2007-இல் பல ஆய்வுக்கூடங்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கண்டுபிடித்தன. மிர்-34 வந்ததும், செல் பிரிவதற்கு வேண்டிய புரதங்களும் சாவைத் தடுக்கிற புரதங்களும் ஒரே சமயத்தில் குறைகின்றன. ஏறக்குறைய பாதிப் புற்றுநோய்களில் பி53 கெட்டுப்போயிருக்கும், அப்போது மிர்-34-ஐ முடுக்கிவிட ஆள் இல்லை.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. மிர்-21 என்று ஒன்று, மூளை, மார்பு, நுரையீரல், பெருங்குடல் என்று எந்தக் கட்டியை எடுத்தாலும் பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும். இது மடக்குவது பி-டென், பி.டி.சி.டி.4 மாதிரியான காவல் புரதங்களின் சீட்டுகளை. 2010-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். தேவைப்பட்டபோது மிர்-21-ஐக் கூட்டவும் நிறுத்தவும் முடிகிற மாதிரி எலிகளை உருவாக்கினார்கள். கூட்டியபோது எலிகளுக்கு நிணநீர்ப் புற்று வந்தது. நிறுத்தியதும் சில நாட்களுக்குள் கட்டிகள் சுருங்கிப்போயின, செல்கள் பழையபடி சாக ஆரம்பித்துவிட்டன. ஒரே ஒரு துணுக்கை நம்பி ஒரு கட்டி முழுதும் உயிரோடு இருந்திருக்கிறது! எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சோதனை இதுதான். ஆனால் அது அதற்கென்றே உருவாக்கிய எலி. மனிதனின் கட்டி பெரும்பாலும் ஒரே துணுக்கை நம்பி இருப்பதில்லை.

நல்ல மைக்ரோ ஆர்.என்.ஏ., கெட்ட மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று இரண்டு பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ணாதே. ஒரு செல்லில் காவல் காக்கிறது இன்னொரு செல்லில் கட்டிக்கு உதவும். எந்தச் செல்லில் எந்தச் சீட்டுகள் வெளியே வந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது அது. பரீட்சையில் இவ்வளவு கேட்க மாட்டார்கள், கேட்டால் எனக்குக் கடிதம் போடு.

அப்பாவுக்கு இரத்தத்தில் சி.எல்.எல். புற்று என்கிறார்கள். 13-ஆவது குரோமோசோமில் ஒரு துண்டு இல்லையாம். ஆனால் மருந்தே கொடுக்காமல், சும்மா வந்து காட்டிவிட்டுப் போங்கள் என்று அனுப்புகிறார்கள். கைவிட்டுவிட்டார்களா?
*லாரி ஓட்டுநர், சுங்கை சிப்புட்*

இல்லை தம்பி. சி.எல்.எல்., அதாவது இரத்தத்தில் ஒரு வகை வெள்ளணு மெல்ல மெல்லப் பெருகிக்கொண்டே போகிற புற்று, நம் பக்கத்து மக்களுக்குக் குறைவாக வருகிற நோய், அதனால் ஊரில் கேட்டால் யாருக்கும் தெரியாது, ஆளுக்கொன்று சொல்வார்கள். தொந்தரவு இல்லாத வரைக்கும் மருந்து தொடங்காமல் இரத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பது உலகம் முழுக்க இந்த நோய்க்கு உள்ள முறைதான். 13-ஆம் குரோமோசோமில் அந்தத் துண்டு மட்டும்தான் இல்லை, வேறு கோளாறு எதுவும் இல்லை என்றால், சி.எல்.எல்.லில் நல்ல மாதிரியான வகைகளில் ஒன்று அது. வேறு ஏதாவது இருக்கிறதா என்று டாக்டரிடமே நேராகக் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

புற்றுநோயோடு மைக்ரோ ஆர்.என்.ஏ.வை முதன்முதலில் சேர்த்து வைத்ததே உங்கள் அப்பாவுக்கு இல்லாத அந்தத் துண்டுதான். 2002-இல் ஜார்ஜ் காலின், கார்லோ குரோச்சே குழு, அந்த இடத்தில் புற்றைத் தடுக்கிற மரபணு ஏதாவது இருக்கும் என்று சல்லடை போட்டுத் தேடினார்கள். எதிர்பார்த்த புரத மரபணு கிடைக்கவில்லை. கிடைத்தவை மேலே சொன்ன மிர்-15-ம் மிர்-16-ம்தான். அவை இல்லாததால்தான் அந்த வெள்ளணுக்கள் சாகாமல் சேர்ந்துகொண்டே போகின்றன. இப்போது வெனிட்டோகிளாக்ஸ் என்று ஒரு மாத்திரை இருக்கிறது, 2016-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது மைக்ரோ ஆர்.என்.ஏ. இல்லை, ஆனால் பி.சி.எல்.2 புரதத்தின் மேலேயே போய் உட்கார்ந்து அதைச் செயல்படாமல் செய்யும். அப்பாவுக்கு என்றைக்காவது மருந்து வேண்டியிருந்தால் டாக்டர் இந்தப் பெயரைச் சொல்லக்கூடும்.

அக்காவுக்கு மார்பில் கட்டியை எடுத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து எலும்பில் வந்துவிட்டது. கத்தி பட்டதால்தான் பரவியது என்று லயத்தில் எல்லாரும் சொல்கிறார்கள். எடுத்த பிறகு எப்படிப் பரவும்?
*ஒரு தங்கை, சுங்கை சிப்புட் பக்கத் தோட்டம்*

கத்தி பட்டதால் இல்லை அம்மா. இந்தப் பேச்சை நம்பி ஆப்பரேஷன் வேண்டாமென்று இருந்து உயிரை விட்டவர்களை நம் தோட்டங்களில் நாமே பார்த்திருக்கிறோம், தயவுசெய்து இதை மேலும் பரப்ப விடாதீர்கள். பெரும்பாலும், கட்டியை எடுப்பதற்கு முன்பே சில செல்கள் கிளம்பிப் போயிருக்கும். போன இடத்தில் மாதக்கணக்கில், ஏன், வருஷக்கணக்கில்கூட அசையாமல் கிடந்துவிட்டுப் பிறகு வளரும். ஆப்பரேஷனுக்குப் பிறகு மருந்தும் மாத்திரையும் கொடுப்பதே அந்தச் செல்களுக்காகத்தான்.

கிளம்புவது சாமானியமான காரியமில்லை. மார்பின் பால் குழாய்ச் செல்கள் ஒன்றையொன்று ஈ-கேட்ஹெரின் என்ற புரதத்தால் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிடியை விட்டு வெளியே வந்தால் சாதாரணச் செல் உடனே தானாகச் செத்துவிடும், தன் இடத்தில் இல்லாத செல் உயிரோடு இருக்கக் கூடாது என்பது உடம்பின் ஏற்பாடு. அதனால் பரவுகிற செல் இரண்டு காரியத்தைச் சேர்த்துச் செய்ய வேண்டும்: பிடியை விட வேண்டும், விட்டபிறகும் சாகாமல் இருக்க வேண்டும். அப்படியும் இரத்தத்தில் இறங்குகிறவற்றில் மிகச் சொற்பமே தப்பிப் பிழைக்கின்றன.

ஈ-கேட்ஹெரினை வேலை செய்ய விடாமல் அடக்குவது ஸெப்1, ஸெப்2 என்ற இரண்டு புரதங்கள். அந்த இரண்டையும் அடக்கி வைப்பது மிர்-200 குடும்பம். 2008-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்தும் வேறு சில இடங்களிலிருந்தும் இது வெளிவந்தது. ஸெப்பும் திருப்பி மிர்-200-ஐ அடக்கும், அதனால் எது கை ஓங்குகிறதோ செல் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். மிர்-200 குறைந்தால் செல் தன் வடிவத்தையே மாற்றிக்கொண்டு நகர ஆரம்பித்துவிடுகிறது.

அதற்கு முந்தின வருஷம், 2007-இல், அமெரிக்காவில் ராபர்ட் வைன்பெர்க்கின் ஆய்வுக்கூடம் மிர்-10பி பற்றிச் சொன்னது. மார்புப் புற்று செல்லில் இது கூடினால் ஹாக்ஸ்-டி10 என்ற புரதம் குறைகிறது, அது குறைந்ததும் செல்லை நகர வைக்கிற ரோ-சி கூடுகிறது. 2010-இல் அதே வழியில் ஒரு படி மேலே போனார்கள், மிர்-10பி-யைக் கட்டிப்போடுகிற மருந்தை எலிகளுக்குக் கொடுத்தார்கள். நுரையீரலுக்குப் பரவுவது நன்றாகக் குறைந்தது. ஆனால் மார்பிலிருந்த கட்டி பாட்டுக்கு வளர்ந்துகொண்டுதான் இருந்தது. வளர்வது வேறு வேலை, பரவுவது வேறு வேலை. கட்டி சின்னதுதானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

சரி, மிர்-200-ஐக் கூட்டினால் பரவலை நிறுத்திவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் வம்பு. போன இடத்தில் குடியேறி வளர வேண்டுமானால் அந்தச் செல் பழைய வடிவத்துக்குத் திரும்ப வேண்டும், அதற்கு அதே மிர்-200 கை கொடுக்கிறது என்று 2011-இல் எலிகளில் பார்த்தார்கள். கிளம்பும்போது தடுக்கிறது, சேர்ந்த இடத்தில் உதவுகிறது. அக்காவுக்கு எலும்பு பலப்படுத்தும் ஊசியும் ஹார்மோன் மருந்தும் ரேடியேஷனும் இருக்கின்றன, எது பொருந்தும் என்று டாக்டர் சொல்வார். எலும்புக்கு வந்த பிறகும் வருஷக்கணக்கில் நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் ஆயா ஐம்பது வருஷமாக வெற்றிலை போடுகிறார். கன்னத்துக்குள் வெள்ளையாகத் தடித்திருக்கிறது, வாயும் முழுசாகத் திறக்க வரவில்லை. வலியில்லை என்பதால் வர மாட்டேன் என்கிறார்.
*பேரன், சுங்கை சிப்புட்*

இந்தக் கடிதத்துக்கு மைக்ரோ ஆர்.என்.ஏ. பதில் வேண்டாம். இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள். அரசாங்கப் பல் கிளினிக்கில் ஒரு வெள்ளிதான், பார்த்துவிட்டுத் தேவைப்பட்டால் ஈப்போவுக்கு எழுதிக் கொடுப்பார்கள். வலியில்லாதது நல்ல அறிகுறி இல்லை. பாக்கு தனியாகவே, புகையிலை சேராமலே, புற்று உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்று ஆய்வு அமைப்பு 2004-இல் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. மலேசியாவில் வாய்ப்புற்று அதிகம் வருவது இந்தியர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, காரணம் நம் வெற்றிலைப் பெட்டி. வாய் திறக்காமல் இறுகுவது பாக்கினால் வருகிற தழும்பு, அதுவே புற்றாக மாறக்கூடும். "நாங்கள் புகையிலை சேர்ப்பதில்லை" என்று ஆயா சொன்னால் மேலே உள்ள வரியை வாசித்துக் காட்டுங்கள்.

வீட்டுக்காரருக்குக் குடல் புற்று. கீமோ என்றால் பயப்படுகிறார். இந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. மாத்திரை வாங்கலாமா?
*செம்பனைத் தோட்டத் தொழிலாளி, சுங்கை சிப்புட்*

வேண்டாம் அக்கா.

ஆர்.என்.ஏ. என்பது வாயிலிருந்து குடல் வரைக்கும் நொதிகள் பிய்த்துப்போடுகிற சாமான். நாம் தினமும் சாப்பிடும் கீரையிலும் மீனிலும் சோற்றிலும் மைக்ரோ ஆர்.என்.ஏ. இருக்கத்தான் செய்கிறது. சீனாவில் நான்ஜிங் ஆராய்ச்சிக் குழு ஒன்று, அரிசியின் மிர்-168 சாப்பிட்டவர் இரத்தத்தில் வந்து கல்லீரலில் வேலை செய்கிறது என்று எழுதி ஒரே பரபரப்பாகிவிட்டது. மற்றவர்கள் திருப்பிச் செய்து பார்த்தபோது அப்படி வரவில்லை. சத்து மாத்திரை வியாபாரமெல்லாம் அந்தப் பரபரப்பின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்ததுதான்.

சரி, வாய் வழியாக வேண்டாம், ஊசியாகக் கொடுத்தால்? அதையும் பார்த்துவிட்டார்கள். மேலே மாணவிக்குச் சொன்ன மிர்-34-ஐக் கொழுப்புத் துளிக்குள் அடைத்து, எம்.ஆர்.எக்ஸ்.34 என்று பெயர் வைத்து, 2013-இல் மனிதருக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். புற்றுநோய்க்கு முதன்முதலாகச் சோதனைக்கு வந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. மருந்து அது. சிலருக்குக் கட்டி சுருங்கவும் செய்தது. ஆனால் நோய் எதிர்ப்புச் சக்தி தாறுமாறாகக் கிளம்பி, நான்கு நோயாளிகள் இறந்துபோய், 2016-இல் சோதனையையே நிறுத்திவிட்டார்கள். சுத்தமாகத் தயாரித்து, அளவு பார்த்து, டாக்டர்கள் பக்கத்தில் நின்று கொடுத்த மருந்துக்கே இந்தக் கதி. பசார் மாலாம் மாத்திரையில் நிஜமாகவே மைக்ரோ ஆர்.என்.ஏ. இல்லாமல் வெறும் மாவு இருந்தால் வீட்டுக்காரருக்கு நல்லது என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

கீமோவுக்குப் பயப்படுவது நியாயம். அந்தப் பயத்தை டாக்டரிடம் சொல்லுங்கள், குமட்டலுக்கு இப்போது நல்ல மருந்து இருக்கிறது. கீமோவும் பெரும்பாலும் அந்தத் தானாகச் சாகிற வழியைத்தான் தட்டி எழுப்புகிறது. மாத்திரைக்காரர் சொல்கிற அதே வேலை, ஆனால் நிரூபித்தது.

இரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ. பார்த்துப் புற்றைக் கண்டுபிடிக்கலாம் என்று படித்தேன். எங்கே செய்கிறார்கள்?
*ஆசிரியை, சுங்கை சிப்புட்*

கட்டியிலிருந்து வரும் மைக்ரோ ஆர்.என்.ஏ. இரத்தத்தில் சிதையாமல் நிற்கிறது என்று 2008-இல் காட்டியது உண்மை டீச்சர். ஆராய்ச்சிக் கட்டுரைகளும் மலையாகக் குவிந்துவிட்டன. ஆனால் இரத்தம் எடுக்கும்போது சிவப்பணு கொஞ்சம் உடைந்தாலே அதிலிருந்து மிர்-16, மிர்-451 கொட்டிக் கணக்கு மாறிவிடும். ஒரு கூடத்தின் முடிவு இன்னொரு கூடத்தோடு ஒத்துவராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். இப்போதைக்கு அதற்குப் பணம் கட்டாதீர்கள். ஐம்பது வயதைத் தாண்டியிருந்தால் மலத்தில் இரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையும் மார்புக்கு மேமோகிராமும் செய்துகொள்ளுங்கள்.

வைரஸிலும் மைக்ரோ ஆர்.என்.ஏ. இருக்கிறதாமே?
*அதே மாணவி*

இருக்கிறது. முதன்முதலில் 2004-இல் கண்டுபிடித்தது எப்ஸ்டீன்-பார் வைரஸில். நம் நாட்டுச் சீனர்களுக்கும் சரவாக் பிடாயூ மக்களுக்கும் அதிகம் வருகிற மூக்குத்தொண்டைப் புற்றில் பெரும்பாலும் இருக்கிற வைரஸ் அது. தன் சொந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை நம் செல்லுக்குள் அவிழ்த்துவிடுகிறது. அதில் பார்ட்-5 என்ற ஒன்று, செல்லைச் சாகச் சொல்கிற பூமா என்ற புரதத்தின் சீட்டை மடக்குகிறது என்று 2008-இல் ஹாங்காங்கிலிருந்து எழுதினார்கள். குடியிருக்கிற செல் செத்துப்போனால் வைரஸுக்கும் இடமில்லையே! உன் வகுப்புத் தோழிகள் வீட்டில் யாருக்காவது கழுத்தில் வலியில்லாத கட்டி, ஒரு பக்கக் காது அடைப்பு, மூக்கில் இரத்தம் என்று இருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போகச் சொல். அடுத்த கடிதத்தில் உன் டீச்சர் இதற்கு என்ன சொன்னார் என்று எழுது.